கார்த்திகை வெள்ளிகள்

சாட்டிக் கடற்கரையில் பொழுது பட்டு இருள் இறங்குகிறது. போர் நின்றிருக்கும் சமாதான காலம் என்பதால் இந்த நேரத்திலும் மணலில் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு பீரங்கிக் குழாய்களை ஒட்டிவைத்ததுபோல ஒரு பைனாகுலர் முக்காலியின் மேல் நிற்கிறது. இரவு வானத்தில் வெள்ளி பார்க்கவென்று நோர்வேயிலிருந்து டெனிஸ்ரன் கொண்டுவந்தது. அதற்குள் குனிந்திருக்கிறாள் அவனுடைய மச்சாள் ஜொய்சி. ஒரு காலத்தில் அவளைப் பெண் கேட்டவன் அவன். அவளைக் கட்டிய லியோன் இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு சற்றுத் தள்ளி நிற்கிறான். அவள் கண்களின் அகலத்துக்கு ஏற்றபடி டெனிஸ்ரன் குழாய்களை மெல்ல நெருக்குகிறான். அவன் விரல்கள் அவள் கன்னத்தைத் தொடவில்லை. தொடவில்லை என்பதை லியோன் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். “ஐயோ மச்சான், கார்த்திகைக் கூட்டத்தில இவ்வளவு வெள்ளியா! எண்ண ஏலாது” என்று அவள் சிரிக்கிறாள். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் லியோன் கேட்டிராத சிரிப்பு.

“நீங்களும் வந்து பாருங்கோ, லியோன் அண்ணை.” லியோன் குனிகிறான். ரப்பர் விளிம்பில் ஜொய்சியின் பவுடர் மணக்கிறது. அவளுக்கென்று நெருக்கிய குழாய்கள் அவனுடைய அகன்ற முகத்துக்குப் பொருந்தவில்லை; உள்ளே ஒரே இருட்டு. “கொஞ்சம் விலத்திவிடட்டோ?” என்று டெனிஸ்ரன் கை நீட்டுகிறான். “வேண்டாம். எனக்கு வடிவாத் தெரியுது.” “எத்தினை தெரியுது, அண்ணை?” வெறுங்கண்ணால் எல்லாரும் காண்பதைத்தான் லியோன் சொல்கிறான்: “ஆறு.” டெனிஸ்ரன் சிரிக்க வாயெடுக்கிறான். அதற்குள் ஜொய்சி வந்து கணவனின் பக்கத்தில் நிற்கிறாள். “ஓம் மச்சான், எனக்கும் ஆறுதான் தெரிஞ்சது.” லியோன் தலை நிமிரவில்லை. அந்த இருட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.