வாசனைக் கட்டம்

"செத்துப்போன மனுஷன் போன செவ்வாய்க்கிழமை எப்படிங்க காளான் பறிச்சார்?"

அதிகாரி பதிவேட்டை மேசைமேல் போட்ட வேகத்தில் காய்ந்த காளான் பொட்டலங்கள் இரண்டு கீழே விழுந்தன. உதவியாளர் குனிந்து பொறுக்கினார்.

காட்டுக் காளான் எங்கே, எப்போது, யார் கண்ணில் பட்டது என்று எழுதிவைக்கும் பதிவேடு அது. 'கண்டெடுத்தவர்' கட்டத்தில் இருந்த பெயரைப் பார்த்ததும் அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டிருந்தது. போன வருஷம் அந்தப் பெரியவருக்கு மலர்வளையம் வைத்தவளே அவள்தான்.

"ஒண்ணா ரெண்டா, பதினோரு பொய்! பழைய பொட்டலத்துக்குப் புதுத் தேதி போட்டு என் காதுலயே பூ சுத்துறீங்களா?"

"காளான் புதுசுதான் மேடம். அவர் சம்சாரம் கொண்டுவந்து தர்றாங்க. அவர் பேரைத்தான் எழுதணும்னு கெஞ்சினாங்க."

"கெஞ்சினா எழுதிடுவீங்களா? உங்க வேலைக்கு நீங்களே உலை வெச்சுக்கிட்டீங்க. இன்னிக்கே மெமோ வரும்."

இன்னொன்றும் அவளை உறுத்தியது. வாசனைக் கட்டம். மற்றவர்கள் 'மணம் இல்லை' என்று கைகழுவும் இடத்தில், பெரியவர் மட்டும் 'நனைந்த கம்பளி', 'புதிதாகச் சீவிய பென்சில்' என்று எழுதுவார். பெயர் தெரியாத காளானை அந்த ஒரு வரியை வைத்தே இனம் கண்டுவிடுவார்கள். அதைப் படித்துத்தான் அவளே இந்தத் தொழிலுக்கு வந்தாள். இந்தப் பதினொன்றிலும் அதே நடை. காப்பியடிக்க ஓர் அளவு வேண்டாமா?

அந்த நேரம் பார்த்து, சொட்டச் சொட்ட நனைந்த குடையோடு பெரியவரின் மனைவி உள்ளே வந்தார். கையில் காகிதப் பை.

அதிகாரி குரலை இறக்கிக்கொண்டாள். "உக்காருங்கம்மா. அவர்மேல உங்களுக்கு இருக்கிற பிரியம் புரியுது. ஆனா நீங்க பறிச்சா உங்க பேரைத்தான் எழுதணும். இப்ப இவருக்கு வேலையே போயிடும்."

"ஐயோ, இவரை ஒண்ணும் செஞ்சிடாதீங்க!" அந்த அம்மா பதறிப்போனார். "என் பேரைப் போட்டா, யாராவது பழசையும் கிளறுவாங்களேன்னு பயந்துதான் அப்படிச் சொன்னேன்."

"பழசா? அதுல என்ன இருக்கு?"

அந்த அம்மா சுவரில் இருந்த கணவரின் படத்தை ஒரு தடவை பார்த்தார். பையிலிருந்த காளானை எடுத்து, பழக்கதோஷத்தில் முகர்ந்துகொண்டார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே அவர் மூக்குக்கு எந்த வாசனையும் தெரியாதும்மா. அடுப்புல பால் தீய்ஞ்சாக்கூட நான்தான் ஓடணும்."