லோரிக் கூலி

“வீட்டுக்காரன் வெளிய போகச் சொல்லிட்டானாக்கா?”

கயிறு போட்டுக் கட்டியிருந்த பெட்டிகளைத் தாண்டி உள்ளே வந்தான் ரொனால்ட். ஒரு கையில் ஆப்பிள் பை, இன்னொரு கையில் லாயர் ஆபீஸ் உறை.

“இன்னிக்கே காலி பண்றேன் தம்பி. லோரிக்குச் சொல்லியாச்சு,” என்றாள் வெரோனிக்கா.

ரெம்பியாவில் மளிகைக் கடைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத இந்த ஒற்றை அறையில் அவள் நாலு வருஷமாகக் குடியிருந்தாள். உடன்பிறந்த தம்பி இன்றுதான் இந்த வாசலை மிதிக்கிறான். அதிலும் வாய் நிறைய ‘நீங்க, வாங்க’ என்கிறான். காரியம் இல்லாமல் அந்த வாயில் மரியாதை வராது என்பது அவளுக்குத் தெரியும்.

“ஒரே ஒரு கையெழுத்துக்கா. வரி விஷயம்.”

“எனக்கு என்னாடா வரி?”

“ஒங்களுக்கு இல்லக்கா, எனக்கு. புக்கிட் ரம்பாய் வீட்ட வாடகைக்கு விட்டிருக்கேன்ல? நகராண்மைக் கழகத்துக்குக் கட்டுற சுக்காய் பிந்து, ரிப்பேர் செலவு, எல்லாத்தையும் வாடகையில கழிச்சிட்டு மிச்சத்துக்கு மட்டும் வருமான வரி கட்டினா போதும். வருஷா வருஷம் அப்படித்தான் கழிச்சேன். இப்போ புதுசா வந்த அக்கவுண்டண்ட் பொண்ணு, கழிக்க முடியாதுங்குது.”

“ஏனாம்?”

“வீடு ஒங்க பேர்ல இருக்காம்.” அவன் பெரிதாகச் சிரித்தான். “சும்மா பேருக்குத்தானேக்கா! அத என் பேருக்கு மாத்திட்டா பிரச்சினை முடிஞ்சிரும் லா.”

வெரோனிக்கா பக்கத்துப் பெட்டியின் கயிற்றை இறுக்கினாள். அது குறைந்த சம்பளக்காரர்களுக்கென்று கட்டிய மலிவு விலை வீடு. அப்போதே பேக்டரி சூப்பர்வைசராக இருந்த ரொனால்டுக்கு அது கிடைக்காது. அதனால்தான் செலண்டார் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த அக்காவை லாயர் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கேரண்டி கையெழுத்து என்றான். காட்டிய இடத்திலெல்லாம் அவளும் போட்டாள்.

தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னபோது, பக்கவாதத்தில் விழுந்த புருஷனோடு அவள் இவன் வாசலில்தான் போய் நின்றாள். புக்கிட் ரம்பாய் வீட்டில் பின்னறையை மட்டும் கேட்டாள்.

“வாடகை குடுக்கிறவனுக்குத்தான் வீடு. சொந்தம் பாத்தா கட்டுப்படியாவுமா?” என்று கேட்டைச் சாத்தினான் இவன். புருஷன் இந்த அறையில், காத்து காத்து என்று கேட்டபடியே செத்துப்போனார்.

போன வாரம் ரொனால்டின் மனைவி ரெனீ, அடையாளக் கார்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி போனில் கேட்டாள். எதற்கென்று கேட்டதற்கு, சுக்காய் பிந்து பில் உங்கள் பேரில்தானே வருகிறது என்று உளறிவிட்டாள். அன்றிலிருந்து வெரோனிக்கா ஜெபத்தில்கூட தம்பியை மன்னிக்கவில்லை.

“ரிப்பேர்னியே, அந்தக் குசினி பைப்பா? அது இன்னும் சொட்டிக்கிட்டுத்தானே இருக்கு?” என்று கேட்டாள்.

“அத வாடகைக்காரன் பாத்துக்குவான். செய்யாட்டியும் செலவுன்னு எழுதிக்கலாம்கா, எவன் வந்து பாக்குறான்? அங்க குடியிருக்கிற கணேசமூர்த்திதான் ரெண்டு நாளா போனே எடுக்க மாட்டேங்கிறான்.” சலித்துக்கொண்டே அவன் பேனாவை நீட்டினான்.

வெளியே லோரி ஹார்ன் அடித்தது.

“சாமான் ஏறட்டும் தம்பி. மனசு ஒரு நிலையில இல்ல.”

ரொனால்ட் அவளை ஏற இறங்கப் பார்த்தான். போக்கிடம் இல்லாதவள், நாலு காசைக் கண்ணில் காட்டினால் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவாள் என்று முடிவு கட்டியிருப்பான். பர்ஸ் வெளியே வந்துவிட்டது.

“லோரிக் கூலிய நான் குடுக்கிறேன்கா. தம்பி இருக்கேன்ல?”

“ஒனக்கு எதுக்குடா செலவு?”

“அட, இருக்கட்டும்கா!”

கூலி கொடுத்ததோடு நிற்கவில்லை. டிரைவர் வீரப்பன் ஒத்தை ஆளாகக் கட்டிலோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டான். கட்டிலின் மறுமுனையைப் பிடித்தான். மெத்தையைத் தூக்கினான். மச்சானின் படத்தைக்கூடத் துடைத்துப் பத்திரமாக முன்சீட்டில் வைத்தான்.

வெரோனிக்கா தடுக்கவில்லை. அவன் சட்டை வியர்வையில் நனைய நனைய அவளுக்கு உள்ளே குளிர்ந்தது.

கடைசிப் பெட்டியும் ஏறியது. ரொனால்ட் மூச்சு வாங்கியபடி, காகிதத்தை லோரிக் கதவில் வைத்துப் பேனாவை மறுபடி நீட்டினான். “இப்பப் போடுங்கக்கா.”

அவள் கைப்பையைத் திறந்தாள். கண்ணாடியைத்தான் எடுக்கிறாள் என்று அவன் நினைத்தான்.

வெளியே வந்தது ஒரு சாவிக்கொத்து. நீல வில்லையில் அவன் கையாலேயே எழுதிய வீட்டு நம்பர். அவன் கணேசமூர்த்தியிடம் கொடுத்திருந்த கொத்து; வீட்டைக் காலி பண்ணியவர் அதைச் சொந்தக்காரியிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ரொனால்டின் கையிலிருந்த பேனா நழுவித் தார்ச் சாலையில் விழுந்தது.

வெரோனிக்கா முன்சீட்டில் ஏறி, புருஷன் படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். வீரப்பன் இஞ்சினைக் கிளப்பினார்.

“எங்கம்மா எறக்கணும்?”

“புக்கிட் ரம்பாய்ண்ணே. என் வீட்டுக்கு.”