சீவல்காரியின் வில்

சங்கச் செயலாளர் நாணைக் கழற்றியதும் அறையில் இருந்த எல்லோரும் வில்லைப் பார்த்தார்கள். நான் சீவல்காரியின் முகத்தைப் பார்த்தேன்.

வில்லை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அந்த முகம் தினமும் கிடைக்காது.

எனக்கு மேல்வீடு அவள். கதவு நிலை செய்யும் பட்டறையில் வேலை. நாலு மாதமாகப் பால்கனியில் உட்கார்ந்து ஒரு மரத்தைச் சீவிக்கொண்டே இருந்தாள். சீவல் முழுக்க என் துணிக்கொடியில். கேட்டால், "காத்து உங்க பக்கம் அடிச்சா நான் என்னக்கா பண்றது?" என்றாள். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. பேர் மட்டும் நான் வைத்தேன். தெரு முழுக்க ஒட்டிக்கொண்டது.

பேச்சு நின்றால் என்ன, காது நிற்குமா? அவள் புருஷனைத் திட்டுவது என் சமையலறைக்குத் தெளிவாகக் கேட்கும்.

"எத்தனை தடவ சொல்றது உங்களுக்கு? இழுத்து முடிச்சா நாணைக் கழட்டிடணும். மாட்டியே வச்சா மரம் கூன் விழுந்துடும். அப்புறம் அடுப்புக்குத்தான்."

கண்ணும் சும்மா இல்லை. எதிர்க்கடை வாசலில் நின்றால் அந்தப் பால்கனி நன்றாகத் தெரியும். நாண் மாட்டும்போது ஒரு காலைத் தூக்கி வில்லுக்குள் விட்டு, தொடையில் முட்டுக்கொடுத்து வளைப்பாள். பார்க்க மல்யுத்தம் மாதிரி இருக்கும்.

வில்வித்தைச் சங்கத்தில் பெருக்கித் துடைப்பது நான். காலையில் திறப்பதும் நான், கடைசியில் பூட்டுவதும் நான். அதனால் மீதிக் கதையும் என் கண்ணெதிரிலேயே நடந்தது.

சங்கத்துக்கு வருஷம் பன்னிரண்டு வில் வேண்டும். இதுவரை செய்து தந்தது செயலாளரின் மச்சான். இந்த வருஷம் இவளும் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். தேறினால் பன்னிரண்டும் அவளுக்கு, பட்டறைக்கு ஒரு கும்பிடு. தேறாவிட்டால் மறுபடியும் நிலைக்கதவு.

சோதனை பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஒரு மணி நேரம் நாண் மாட்டி வைத்து, கழற்றி, மேஜையில் மல்லாத்த வேண்டும். மரம் நிமிர்ந்து படுத்தால் வில். முனைகள் தூக்கிக்கொண்டு அடியில் இரண்டு விரல் நுழைந்தால் விறகு.

செயலாளர் நாணை மாட்டிச் சுவர் ஆணியில் தொங்கவிட்டார். ஒரு மணி நேரம் போனது. ஒரு நாள் போனது. "வேலை மும்முரம்" என்றார். ஒன்பது நாள் போனது.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்ததும் வில்லை ஒரு பார்வை, ஏழு மணிக்குக் கிளம்பும்போது இன்னொரு பார்வை. அடுப்பில் பால் வைத்தவர் மாதிரி.

"பாத்துக்கிட்டே இரும்மா, வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிடும்," என்று என்னிடமே சிரித்தார். "கதவு செய்யறவளுக்கு வில்லு கேக்குதா?"

எனக்குச் சுருக்கென்றது. அவளைத் திட்ட ஒரு தகுதி வேண்டாமா? நாலு மாதம் துணியிலிருந்து சீவல் பொறுக்கியவள் நான். நடுவில் இவர் யார்?

அந்த வாரம் எனக்கும் நேரம் சரியில்லை. நாற்காலியில் தொடையை இடித்துக்கொண்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, நொண்டி நொண்டித்தான் பெருக்கினேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் சீவல்காரி உள்ளே வந்தாள். ஆணியில் நாணோடு தொங்கும் வில்லைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படித் தொங்குது?"

செயலாளர் ஒன்பது விரலைக் காட்டினார். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. வில்லைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"கழட்டுங்க," என்றாள்.

கழற்றினார்.

நாற்பது வருஷம் வில் பிடித்த கோச் அதை வாங்கினார். பேச்சில் கஞ்சன் அவர். கட்டைவிரல் நகத்தை மேல்முனையிலிருந்து கீழ்முனைவரை ஓடவிட்டார். மர ரேகை எங்கும் அறுபடவில்லை. கணு இருந்த இடத்தில்கூட அவள் உளியை வைக்காமல் சின்ன மேடாக விட்டு, ரேகையோடு சுற்றிப் போயிருந்தாள்.

பிறகு மேஜையில் மல்லாத்தினார்.

இரண்டு முனையும் படிந்தன. விரலை வைத்தார், நுழையவில்லை. செயலாளர் பாய்ந்து வந்து தன் விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்த்தார். கார்டுதான் மடங்கியது.

"ஒன்பது நாள் நாணோட கிடந்த மரமா இது?" என்றார் கோச், செயலாளரைப் பார்த்து.

அவர் எப்படி இல்லை என்பார்? தினமும் இரண்டு தடவை பார்த்த சாட்சி ஆயிற்றே.

"ஆமா." பல்லுக்கு நடுவே ஒரு வழியாக வந்தது.

கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பன்னிரண்டும் அவளுக்கே. வில்லைத் தோளில் சாய்த்துக்கொண்டு ராணி மாதிரி என்னைக் கடந்து போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன திமிர்! இனி என் மரம், என் கை என்று தெருவெல்லாம் அளப்பாள்.

அளக்கட்டும்.

எல்லோரும் போனபின் சாவிக்கொத்தை எடுத்தேன். கோச் மட்டும் வாசலில் நின்று நான் நொண்டி வருவதையே பார்த்தார்.

"அடுத்த தடவ நாண் மாட்டுறப்போ, தொடைக்கும் வில்லுக்கும் நடுவுல துணிய மடிச்சு வச்சுக்கம்மா," என்றார் மெதுவாக. "ரத்தம் கட்டாது."

ஒன்றும் புரியாதவள் மாதிரி பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

என் வாயில் எந்த ரகசியமும் ஒரு ராத்திரி தங்காது என்பார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

மறுநாள் காலை, கொடியில் காய்ந்த தலையணை உறை நிறையப் புதுச் சீவல். பன்னிரண்டில் முதலாவது.

இடுப்பில் கையை வைத்து, அண்ணாந்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன், சீவலைப் பற்றி மட்டும்.