மூத்தவருக்கு மேல் படுக்கை

அன்று அந்தப் பேருந்தில் இரண்டு குடும்பத்தின் சார்பிலும் இருந்தவர்கள் நான்கே பேர். நான், என் மனைவி, என் மகளின் மாமனார், மாமியார். ஊரில் உட்கார்ந்து கதை சொல்லும் என் தம்பி அங்கே இல்லை.

தம்பியின் கதை இது: வயதில் மூத்தவரை ஏணியில் மேலே ஏற்றிவிட்டு, சம்பந்தி கீழே சொகுசாகப் படுத்துக்கொண்டார்.

இதற்காக அவன், என் மகள் வாழப்போன வீட்டோடு பேச்சை நிறுத்திவிட்டான். நேற்று மகள் போனில் அழுதாள்.

"சித்தப்பா இனிமே எங்க வாசப்படிய மிதிக்க மாட்டாராம்ப்பா. மாமா ரெண்டு நாளா சரியாவே சாப்பிடல."

அதனால் நடந்ததைச் சொல்லவேண்டியிருக்கிறது.

நால்வருக்கும் அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். இரவுப் பேருந்து என்று முடிவு செய்தவன் நான். படுத்தபடியே அடுத்த ஊர் போய்விடலாம். ஒரு ராத்திரி விடுதி வாடகையும் மிச்சம். நான்கு பாஸ்போர்ட்டும் என் தோள்பையில் இருந்தன. எல்லையில் நால்வருக்கும் படிவம் நிரப்பியதும் நானே. பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

பேருந்து வந்து நின்றது. இரண்டு ஆள் உயரம். முகம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஊதா விளக்கு.

ஓட்டுநர் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். காலணியைக் கழற்றி அதில் போட்டால்தான் ஏறலாம். பாலிஷ் போடாத ஷூவோடு தெருவில் இறங்காதவன் நான். அன்று அந்த ஷூவைப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு, முதுகுமூட்டை சுமந்த இளவட்டங்களின் வரிசையில் வெறுங்காலோடு நின்றேன்.

படியில் கால் வைத்ததும் என்ஜினின் அதிர்வு உள்ளங்கால் வழியாக முழங்கால்வரை ஏறியது. பல வருடமாக வலித்த முழங்கால். அந்த நேரம் வலிக்கவில்லை.

பெண்கள் இருவருக்கும் பின்வரிசையில், பக்கத்துப் பக்கத்தில் கீழ்ப் படுக்கைகள். எங்களுக்கு முதல் வரிசை. ஒன்று கீழே, அதற்கு நேர் மேலே ஒன்று.

கீழே படுத்தால் ஓட்டுநரின் முதுகு தெரியும். மேலே படுத்தால் சாலை முழுக்கத் தெரியும்.

"நீங்க கீழ படுங்க சம்பந்தி. நான் ஏறிக்கறேன்" என்று அவர் சட்டைக் கையை மடித்தார்.

எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. மூத்தவர் படுத்திருக்கும் இடத்துக்கு மேலே இளையவர் படுக்கக் கூடாது. மாடி அறை எப்போதும் மூத்தவருக்குத்தான். என் தந்தை எண்பத்தைந்து வயதிலும் படியேறித்தான் தூங்கினார்.

அதை அவரிடம் சொன்னேன். "உங்களவிட நான் மூத்தவன். என் தலைக்கு மேல நீங்க படுக்கலாமா?"

அவர் என் வெள்ளைத் தலையைப் பார்த்தார். மை பூசிய தன் மீசையைத் தடவினார்.

"மூத்தவங்க சொன்னா அப்பீல் ஏது? ஆனா பாத்து ஏறுங்க."

மூன்று இரும்புப் படிகள். இரண்டாவதில் என் கால் தடுமாறியது. அவர் குனிந்து, என் குதிகாலைத் தன் உள்ளங்கையில் தாங்கி, மேலே தள்ளினார்.

"எலும்ப ஒடச்சுக்கிட்டா இந்த ஊர்ல நமக்கு நாய்கூட சொந்தமில்ல" என்றாள் பின்னாலிருந்து என் மனைவி. சொல்லிக்கொண்டே அதைப் போனில் படம் பிடித்தாள். குடும்பக் குழுவிலும் போட்டுவிட்டாள். தம்பி பார்த்தது அந்த ஒரு படத்தைத்தான்.

அதற்குப் பிறகு நடந்தது எந்தப் படத்திலும் இல்லை.

பேருந்து ஊரைத் தாண்டி மலையில் ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் சாலை காணாமல் போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெறும் இருட்டு. சரி, விழுந்தோம் என்று நினைக்கையில் வெளிச்சம் திரும்பி, சாலையைப் பிடித்து இழுத்து வந்து எங்கள் முன்னால் போட்டது. கம்பியை இறுகப் பிடித்திருந்தேன். சிரித்துக்கொண்டும் இருந்தேன்.

கீழிருந்து குரல் வந்தது. "சம்பந்தி, தூங்கிட்டீங்களா? மேல என்னதான் தெரியுது?"

"பாலம் ஒண்ணு வருது. பிடிச்சுக்குங்க."

"எனக்கு டிரைவர் காதுதான் தெரியுது. நல்ல பெரிய காது."

விடியும்வரை நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். லாரி, குகைப்பாதை, சாலையோரம் அசையாமல் நின்ற குதிரை. ஒவ்வொன்றுக்கும் "அப்படியா" என்றார். ஒருமுறைகூட இடம் மாறலாமா என்று கேட்கவில்லை. முறை என்று சொல்லிவிட்டேனே.

கடைசி வளைவில் மலை விலகியது. கண்ணாடி முழுவதும் சூரியன். அதை மட்டும் நான் சொல்லவில்லை.

இனி அந்த வதந்திக்கு வருகிறேன். சம்பந்தி மூத்தவரை மேலே ஏற்றிவிட்டார் என்பது பொய்.

படிவத்தில் இருவர் பிறந்த தேதியையும் என் கையால்தான் எழுதினேன். எனக்கு எழுபது, அவருக்கு எழுபத்திரண்டு.

மூத்தவர் கீழேதான் படுத்திருந்தார்.