நாலாவது ஆள்

"முன்னால போ, பின்னாடி நான் இருக்கேன்" என்றான் கணவன்.

அவள் போகவில்லை. இடிந்த வீட்டின் படிக்கட்டுக்கு அடியில் பதுங்கியே இருந்தாள். வெளியே துப்பாக்கிகள் படபடத்தன.

கல்யாணமான புதிதிலிருந்தே இந்தச் சுடுகிற ஆட்டங்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "ஓடுறது, சுடுறது, சாகுறது, மறுபடி முதல்லேர்ந்து ஓடுறது. இதுல அப்படி என்னதான் இருக்கு?" என்பாள்.

"நீ போய் உன் தக்காளிக்குத் தண்ணி ஊத்து" என்பான் அவன். அவள் செல்போனில் இருந்தது தோட்டம் போடுகிற ஆட்டம் ஒன்றுதான்.

லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்திலிருந்து அவன் திரும்பி வரவில்லை. அவனுடைய செல்போன் மட்டும் வந்தது.

கூட ஆடுகிறவர்களுக்கு வழி சொல்ல, அந்தச் சுடுகிற ஆட்டத்துக்குள் தன் குரலில் சில வார்த்தைகளை அவன் பதிந்து வைத்திருந்தான். நான்கு பேர் குழுவாக ஆடும்போது மட்டும், பட்டனைத் தொட்டால் அது கேட்கும். வேறெங்கும் அவன் குரல் மிச்சமில்லை.

அதனால் தினமும் வேலை முடிந்து வந்ததும், சார்ஜர் ஒயர் எட்டுகிற இடத்தில், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்துவிடுவாள். அவன் பெயரில் ஆடுவாள். மைக்கை மட்டும் திறக்க மாட்டாள்.

குழுவின் கேப்டன் பொல்லாதவன். சொதப்பினான் என்று சொந்த மச்சானையே வெளியே தள்ளியவன். உண்மை தெரிந்தால் அவள் இடமும் போகும், குரலும் போகும்.

ஒன்றுதான் ஆச்சரியம். முன்பெல்லாம் அவன் ஆடும்போது இவர்கள் பேசுகிற கெட்ட வார்த்தைக்குப் பயந்து அவள் கதவைச் சாத்துவாள். இப்போது வாத்தியார் முன்னால் நிற்பதுபோல் பேசினார்கள். வயசாகித் திருந்திவிட்டார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று ஒருவன் வரவில்லை. அவன் இடத்தில் புதியவன் ஒருவன் சேர்ந்திருந்தான்.

"யோவ், எவன்யா அந்த நாலாவது ஆளு? சுடவும் மாட்டேங்கிறான், நகரவும் மாட்டேங்கிறான்!"

வேறு வழி தெரியாமல் பட்டனைத் தொட்டாள். "முன்னால போ, பின்னாடி நான் இருக்கேன்."

"வந்ததிலேர்ந்து கிளிப்பிள்ளை மாதிரி இதையேதான் சொல்றான். தூக்கிடு கேப்டன், தண்டம்!"

குழுவிலிருந்து ஒருவரை நீக்கும்போது வரும் மணி அடித்தது. அவள் கண்களை இறுக்க மூடிக்கொண்டாள்.

திறந்தபோது திரையில் ஒரு பெயர் குறைந்திருந்தது. புதியவனுடைய பெயர்.

பிறகு கேப்டனின் குரல் கேட்டது.

"அண்ணன் குரலை இன்னொரு தடவை போடுங்க அண்ணி."