வாழும் சாட்சி

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றபோதும் அவர் பிரசங்கத்தை நிறுத்தவில்லை.

"பிரஷரைக் கட்டுப்படுத்தத்தான் முடியும், குணப்படுத்த முடியாதுங்கறதெல்லாம் உங்க வியாபாரம் டாக்டர். நான் மாத்திரையைத் தூக்கிப் போட்டு மூணு வருஷமாச்சு. எல்லாம் மூச்சுப் பயிற்சி, மன உறுதி. சந்தேகமா இருந்தா அளந்து பாருங்க!" என்று சட்டைக் கையை மடித்து நீட்டினார்.

உள்ளே அவருடைய மைத்துனன் பாதி உடம்பு செயலிழந்து, கண் திறக்காமல் கிடந்தான். மனைவியை இழந்து தனியாக வாழ்ந்தவன். அத்தான் பேச்சை வேதமாக நம்பி மாத்திரையை நிறுத்தியவன்.

டாக்டர் வேண்டாவெறுப்பாக அளந்தார். "நூத்தி இருபதுக்கு எண்பது" என்றார், நம்பமுடியாமல்.

"பார்த்தீங்களா? மச்சானுக்கு மன உறுதி பத்தல. வேற ஒண்ணுமில்ல."

சுவரோரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி நிமிர்ந்தாள்.

"மன உறுதியுமில்ல, மண்ணுமில்ல. நான்தான் தினமும் உங்க காபியில மாத்திரையைப் பொடிச்சுக் கலந்தேன். அவனுக்குக் கலந்து கொடுக்க வீட்ல ஆளில்ல."

மடித்த சட்டைக் கையை இறக்கிவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"அவன்கிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமேடி?"

"சொன்னா உடனே உங்ககிட்ட ஓடி வந்து கேட்டிருப்பான். அப்புறம் நீங்க என் கையால பச்சைத் தண்ணிகூடக் குடிச்சிருக்க மாட்டீங்க."

அவள் மூடிய கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் என்னால காப்பாத்த முடிஞ்சுது."