ஒரு சாண் உயரம்

நாற்காலி முதுகில் கழுத்தைச் சாய்த்து அண்ணாந்துகொண்டான் தம்பி இசக்கிராஜா.

வேலையிலிருந்து வந்த அக்கா தோள்பையைக்கூடக் கழற்றவில்லை. கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

சலிப்பாக இருந்தது. சொன்னால் பாவம். ஆனால் சலிப்பாகத்தான் இருந்தது.

ஒரு கையால் அவனுடைய கீழிமையை இழுத்துப் பிடித்தாள். மறு கையில் சொட்டு மருந்துக் குப்பி.

நாலு வருஷத்துக்கு முன்னால், வெள்ளையடிக்கப் போன இடத்தில் நீற்றிய சுண்ணாம்பு தெறித்து அவனுக்கு இரண்டு கண்ணும் வெந்துபோயின. இடது கண் போனது போனதுதான். வலது கண்ணில் போன மாதம் யாரோ ஒரு புண்ணியவானின் கருவிழியை வைத்துத் தைத்திருக்கிறார்கள். உடம்பு ஏற்றுக்கொண்டால் பார்வை. இல்லையென்றால் இதுவும் இருட்டு. கண்ணைத் தேய்த்தால் தையல் போச்சு என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அவளுடைய படிப்பே அவன் வெள்ளையடித்த காசில் ஓடியதுதான்.

என்ன தெரிகிறது என்று முதலில் தினமும் கேட்டாள். புகையாக இருக்கிறது என்பான். இப்போதெல்லாம் அவள் கேட்பதில்லை. அவனும் சொல்வதில்லை. கேட்டுத்தான் என்ன ஆகப்போகிறது?

குப்பியை உயர்த்தினாள்.

பகல் முழுக்க அவளுக்கு இதே வேலைதான். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் தண்ணீர், காகிதக் கனம்கூட இல்லாத படலமாக. மேலிருந்து ஒரு துளி விழும். காமிரா பார்த்துக்கொண்டிருக்கும்.

துளி மெல்ல விழுந்தால் சத்தம் காட்டாமல் படலத்தோடு கலந்துவிடும். வேகமாக விழுந்தால் படலம் வட்டச் சுவராக எழும்பும். விளிம்பில் பல் பல்லாக முளைக்கும். ஒவ்வொரு பல்லிலிருந்தும் பொடித்துளி தெறித்துப் போகும்.

கிரீடம் என்பார்கள்.

கிரீடம் வந்தால்தான் ஆராய்ச்சி. வராவிட்டால் வெறும் ஈரம்.

அதற்கு ஒரு சாண் உயரம் வேண்டும். இந்த வாரம் முழுக்கக் கிரீடம் ஒழுங்காக வந்தபாடில்லை. ஒரு பல் குறையும். இல்லையென்றால் ஒரு பக்கம் சாயும். பேராசிரியர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். அவள் மறுபடி தகட்டைத் துடைப்பாள். மறுபடி படலம். மறுபடி ஒரு சாண்.

கைக்கு அது பழகிவிட்டது. பாழாய்ப்போன கை.

குப்பியைப் பிதுக்கிய பிறகுதான் பார்த்தாள். கண்ணுக்கு ஒட்டினாற்போல் இருக்கவேண்டிய குப்பி ஒரு சாண் மேலே இருந்தது.

துளி விழுந்தது.

கண்ணிலும் ஒரு படலம் உண்டு. கண்ணீர்ப் படலம். ஆய்வுக்கூடத்துப் படலத்தைவிட மெல்லியது. மருந்து அதன்மேல் பொட்டென்று அறைந்து, இமையிலும் மூக்கிலும் அவள் விரலிலும் தெறித்தது.

அவன் துள்ளினான். கை கண்ணுக்குப் போயிற்று.

“தேய்ச்சிராதலே!”

குப்பியைப் போட்டுவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். திமிறினான். ஏணி தூக்கிய கை, லேசில் அடங்குமா? அதைத் தன் நெஞ்சோடு சேர்த்து, உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு அமுக்கினாள். தோள்பை சரிந்து தரையில் விழுந்தது.

ஒருவழியாக அடங்கினான்.

கண் சிவந்து நீராகக் கொட்டியது. தையல் இருக்கிறதா, போயிற்றா? வெறுங்கண்ணுக்கு எங்கே தெரியும்?

போச்சு, என்று நினைத்தாள். அவன் கண்ணை விற்றுப் படித்த படிப்பு, கடைசியில் அவன் கண்ணிலேயே வந்து விழுந்துவிட்டது. தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

அவன் இமைகளைக் கொட்டினான். மறுபடி கொட்டினான். நீர் கன்னத்தில் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவன் துடைக்கவில்லை.

அந்தக் கண் எதையோ தேடியது. அவள் முகத்துக்கு வந்தது. மெல்ல மேலே ஏறி, நெற்றியோரம் நின்றது.

“யக்கா,” என்றான். “ஒனக்கு எப்பம் நரைச்சுது?”



முன்னால் விழுந்து கிடந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்க அவள் கை போயிற்று.

ஒதுக்கவில்லை.

வெளிச்சம் விழும்படி சன்னல் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் குனிந்து நின்றாள்.